செயற்கைக் கோளுக்கு ஏறும் அலை: டில்லி தரை நிலையமும் அதிர்வெண் உயர்த்தியும்

1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியன்று, இந்தியாவின் ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்கள் டெலிவிஷன் வசதியைப் பெற்றன. அவற்றுட் பலவற்றில் அதற்கு முன் டெலிவிஷன் பெட்டியைக் கண்டவரே இலர். ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிஸா, ராஜஸ்தான் ஆகியவையே அந்த ஆறு ராஜ்யங்கள். பள்ளிக்கூடத்தின் கூரையிலோ பஞ்சாயத்துக் கட்டிடத்தின் முற்றத்திலோ, கோழி வலையால் வேயப்பட்ட 3 மீட்டர் அகல ஆன்டெனா ஒன்று வானத்தை நோக்கி நின்றது. அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாஸாவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக் கோள், பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 35 பாகையில் நிறுத்தப்பட்டு, நிகழ்ச்சிகளைக் கீழே பொழிந்தது. 'ஸைட்' என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட இப்பரிசோதனை, 1976 ஜூலை 31 வரை ஓராண்டுக் காலம் நடைபெற்றது.

இப்பரிசோதனையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் செயற்கைக் கோளைப் பற்றியும் கிராமத்துப் பெட்டியைப் பற்றியுமே எழுதினார்கள். அது இயல்பே, ஒன்று வானத்தில் இருந்தது, மற்றொன்று மக்கள் நடுவில் இருந்தது. இவ்விரண்டுக்கும் முந்திய கட்டம் ஒன்று உண்டு. செயற்கைக் கோள் தானாக எதையும் உண்டாக்குவதில்லை. தரையிலிருந்து தனக்கு அனுப்பப்பட்டதையே அது திருப்பி அனுப்புகிறது. அவ்வாறு அனுப்பும் வேலையை அகமதாபாதிலும் டில்லியிலும் இருந்த தரை நிலையங்கள் செய்தன. அகமதாபாத் நிலையம் ஐக்கிய நாடுகளின் உதவியுடன் 1967-இல் பரிசோதனைக்காகவும் பயிற்சிக்காகவும் அமைக்கப்பட்டது. டில்லி நிலையம் தலைநகரிலிருந்தே நிகழ்ச்சிகளை மேலே ஏற்றுவதற்கு இடமளித்தது. விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் தலைவராக அப்பொழுது யஷ் பால் இருந்தார். பரிசோதனையின் திட்ட நிர்வாகம் ஈ. வி. சிட்னிஸ் வசம் இருந்தது.

ஆசிரியர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை இருக்கக் காரணம் உண்டு. காலை வேளையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிச் சிறுவர்களுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. ஹிந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கு மொழிகளுக்கும் தலா இருபத்திரண்டரை நிமிஷம் கிடைத்தது. 1975 அக்டோபரிலும் 1976-ஆம் ஆண்டுக் கோடையிலும், ஆரம்பப் பள்ளிகளில் விஞ்ஞானம் போதிக்கும் முறையில், இரு பிரிவுகளாகச் சுமார் 50,000 ஆசிரியர்களுக்கு இச்செயற்கைக் கோளின் வாயிலாகப் பயிற்சி அளிக்கப்பட்டது. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஒரே அலையை நம்பியே உட்கார்ந்திருந்தனர். ஒரு கிராமத்துப் பெட்டி பழுதானால் அந்த ஒரு கிராமத்துக்கு மட்டுமே நஷ்டம். மேலேற்றும் நிலையத்தில் ஓர் உறுப்பு நின்றுபோனால் எல்லாத் திரைகளும் ஒருங்கே வெறுமையாகிவிடும். கிராமத்துப் பெட்டியோ பெற்றுக்கொள்ள மட்டுமே தெரிந்தது; "படம் வரவில்லை" என்று அதே வழியில் திருப்பிச் சொல்ல அதற்கு வாயில்லை.

அத்தகைய உறுப்புக்களுள் முக்கியமானது, பொறியியலாளர் அப்கன்வர்ட்டர் என்று வழங்கும் அதிர்வெண் உயர்த்தியாகும். அது பீரோவின் ஒரு தட்டில் அடங்கிவிடும் பெட்டி. அதன் பக்கத்தில் நிற்கும் பெரிய பெருக்கியும், வெளியே நிற்கும் ஆன்டெனாவும் பார்வையாளரின் கவனத்தைக் கவர்ந்துவிடுவதால், இதை எவரும் விசாரிப்பதில்லை.

டெலிவிஷன் காமிராவிலிருந்து வெளிவரும் மின் சமிக்ஞை, ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரை பரந்திருக்கும். (பழைய நூல்களில் மெகாஸைக்கிள் என்று வழங்கியதும் இதுவே.) இச்சமிக்ஞை முதலில் 70 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஓர் அலையின் மீது ஏற்றப்படுகிறது, ஒலியும் அவ்வாறே. 'ஸைட்' நிகழ்ச்சிகளில் ஒரு படத்துக்கு இரண்டு ஒலிகள் இருந்தன. ஆகையால் ஒரே படத்தை ஒரு பகுதியினர் தெலுங்கிலும் இன்னொரு பகுதியினர் கன்னடத்திலும் கேட்க முடிந்தது. 70 மெகாஹெர்ட்ஸ் என்னும் இந்த எண்ணுக்கு இடைநிலை அதிர்வெண் என்று பெயர். இதனிடம் மந்திரம் ஒன்றும் இல்லை. இந்த வட்டாரத்தில் பெருக்கிகளும் வடிகட்டிகளும் செய்வது எளிது, செலவும் குறைவு; உலகெங்கும் இதையே ஏற்றுக்கொண்டுவிட்டபடியால், ஒருவர் செய்த பண்பேற்றியை இன்னொருவர் செய்த உயர்த்தியுடன் இணைக்கலாம்.

ஆனால் 70 மெகாஹெர்ட்ஸிலேயே வானத்துக்கு அனுப்ப இயலாது. அலையைக் குவித்து அனுப்பும் ஆற்றல், ஆன்டெனாவின் அகலத்துக்கும் அலையின் நீளத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. 6,000 மெகாஹெர்ட்ஸில் அலை நீளம் 5 சென்டிமீட்டர். 10 மீட்டர் அகலமுள்ள ஆன்டெனா ஒன்று அவ்வலையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகைக்குள் குவித்துவிடும். 70 மெகாஹெர்ட்ஸில் அலை நீளம் 4 மீட்டருக்கும் அதிகம். அதே குவிப்பைப் பெற 850 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆன்டெனா வேண்டும். ஆகவே, ஏறிச் செல்லும் அலைக்கு 6 ஜிகாஹெர்ட்ஸ், அதாவது 6,000 மெகாஹெர்ட்ஸ் வட்டாரம் தேர்ந்துகொள்ளப்பட்டது. இறங்கும் அலைக்கு 'ஸைட்' பரிசோதனையில் 860 மெகாஹெர்ட்ஸ் அமைந்தது. அங்கே அலை நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். கோழி வலையின் கண்கள் அதனினும் மிகச் சிறியவையாதலால், வலை முழுத் தகட்டைப் போலவே அலையைப் பிரதிபலித்தது. செயற்கைக் கோளின் 80 வாட் ஒலிபரப்பியும் 9 மீட்டர் அகல ஆன்டெனாவும் மிகுதிக் குறையை ஈடுசெய்தன. விலை குறைந்த ஆன்டெனாவைக் கிராமத்துக்குக் கொடுத்து, கஷ்டமான வேலையைத் தரை நிலையத்திடமும் செயற்கைக் கோளிடமும் விட்டது அத்திட்டத்தின் சிறந்த யுக்தி எனலாம். கிராமத்துப் பெட்டிகளை ஹைதராபாதிலுள்ள எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் தயாரித்தது.

இனி, 70-ஐ 6,000 வட்டாரத்துக்கு உயர்த்துவது எங்ஙனம்? இரண்டு அலைகளை ஒன்றோடொன்று பெருக்குவதே வழி. பள்ளி இறுதி வகுப்பில் திரிகோண கணிதம் போதிப்பவர் அறிந்த சூத்திரமே இதன் அடிப்படை: இரு கொசைன்களைப் பெருக்கினால், அவற்றின் கோணங்களின் கூட்டலுக்குரிய கொசைனும் கழித்தலுக்குரிய கொசைனும் சரிபாதியாகக் கிடைக்கும். இப்பெருக்கலைச் செய்யும் சாதனத்துக்கு மிக்ஸர் என்று பெயர். அதனுள் இருப்பவை சில டையோடுகளே. மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் மின்னோட்டத்தை விடாத அவற்றின் கோணல் குணந்தான் பெருக்கலை நிகழ்த்துகிறது. நேர்மையான கம்பியோ மின்தடையோ இவ்வேலையைச் செய்யாது.

வகுப்பறையில் இதை விளக்க, ஏறத்தாழ ஒரே சுருதியில் அமைந்த இரு தந்திகளை மீட்டி, எழும் விம்மல்களை உதாரணம் காட்டுவதுண்டு. அவ்வுதாரணத்தில் ஒரு பிசகு இருக்கிறது. காற்றில் அவ்விரு ஒலிகளும் கூட்டப்படுகின்றனவேயன்றிப் பெருக்கப்படுவதில்லை; ஒலி ஏறி இறங்கினாலும் மூன்றாவது சுருதி ஒன்று காற்றில் பிறப்பதில்லை. மிக்ஸரிலோ முன்பு இல்லாத புதிய அதிர்வெண்கள் உண்மையிலேயே பிறக்கின்றன. இந்த வேற்றுமையை மாணவர் மனத்தில் முதலிலேயே பதித்துவிட்டால் பின்னால் குழப்பம் நேராது.

உதாரணமாக, 5,950 மெகாஹெர்ட்ஸில் அனுப்ப வேண்டும் என்று கொள்ளலாம். நிலையத்திலேயே உண்டாக்கப்படும் துணை அலை 5,880 ஆயின், 70-ஐக் கூட்ட 5,950 கிடைக்கும். அதுவே வேண்டியது. கழித்தலால் 5,810-ம் உடன் பிறக்கும். 5,880-ம் சிறிது கசிந்து வெளிவரும். வேண்டியதற்கும் கசிவுக்கும் இடையே 70 மெகாஹெர்ட்ஸ்தான் தூரம். 6,000-க்கு நடுவே அது நூற்றில் ஒன்றுக்குச் சற்றே மேல். அவ்வளவு நெருக்கத்தில் பிரித்தெடுக்கும் வடிகட்டி செய்வது கடினம். செய்தாலும் அது அந்த ஓர் அதிர்வெண்ணுக்கே பொருந்தும். நாளை வேறு அலைவரிசைக்கு மாற வேண்டுமானால் வடிகட்டியையும் மாற்றியாக வேண்டும். மாற்றாவிடின், வேண்டாத அலை பிறர் அலைவரிசையில் போய் விழும்.

இச்சங்கடத்தைத் தீர்க்க, பொறியியலாளர் இரண்டு படிகளாக ஏறும் முறையைக் கைக்கொண்டனர். முதற்படியில் 70-ஐ, 1,050 மெகாஹெர்ட்ஸ் நிலையான துணை அலையுடன் கலந்து 1,120 ஆக்கலாம். இங்கே வேண்டாத அலை 980-இல் விழுகிறது. இந்தப் படி ஒருபொழுதும் மாறாததாகையால், கூர்மையான வடிகட்டி ஒன்றை ஒரே தடவை செய்து வைத்தால் போதும். இரண்டாவது படியில் 1,120-ஐ, 4,830 மெகாஹெர்ட்ஸ் துணை அலையுடன் கலந்தால் 5,950 கிடைக்கும். இப்பொழுது கசிவு 4,830-லும், கழித்தல் 3,710-லும் விழுகின்றன. ஏறும் அலைகளுக்குரிய 5,925 முதல் 6,425 வரையிலான வட்டாரத்துக்கு வெளியே, ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்கு அப்பால் அவை ஒதுங்கி நிற்கின்றன. வட்டாரத்தின் உச்சியான 6,425-க்குப் போக வேண்டுமானாலும் துணை அலை 5,305 ஆகுமேயன்றி வட்டாரத்துக்குள் வருவதில்லை. ஆகவே, முழு வட்டாரத்தையும் அனுமதிக்கும் ஒரே அகன்ற வடிகட்டி போதும். துணை அலையை மட்டும் மாற்றி எந்த அலைவரிசைக்கும் செல்லலாம். இங்கே தரப்பட்ட எண்கள் கணக்கின் பொருட்டு எடுத்துக்கொண்டவை. தயாரிப்பாளருக்குத் தக்கவாறு அவை மாறும். தத்துவம் மாறுவதில்லை.

இத்தனைக்கும் நடுவே சமிக்ஞையின் உட்பொருள் மாறுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. படமும் இரு ஒலிகளும் ஒன்றுக்கொன்று இருந்த இடைவெளி குலையாமல், மாடிப் படியில் தூக்கிச் செல்லப்படும் பாத்திர அடுக்கைப் போல, மொத்தமாக மேலே ஏறுகின்றன.

துணை அலை எவ்வளவு நிலையாக இருக்க வேண்டும்? 6 ஜிகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 6 கிலோஹெர்ட்ஸ் விலகல் ஏற்படும். பல கோடி ஹெர்ட்ஸ் அகலமுள்ள டெலிவிஷன் அலைக்கு அது பொருட்டல்ல. ஆனால் செயற்கைக் கோளின் வழியே ஒரே ஒரு டெலிபோன் பேச்சு சில பத்துக் கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் செல்லும்போது, அதே 6 கிலோஹெர்ட்ஸ் பெருங்கேடாகும். ஆகையால் வெப்பநிலை மாறாத சிறு அடுப்பினுள் வைக்கப்பட்ட குவார்ட்ஸ் படிகத்திலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பெற்று, துணை அலையை அதனுடன் பூட்டிவிடுகிறார்கள். பத்துக் கோடியில் ஒரு பங்கு துல்லியம் கிடைத்தால் விலகல் 60 ஹெர்ட்ஸ்தான். ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சும். 10 மெகாஹெர்ட்ஸை 500 மடங்காக்கி 5,000 ஆக்கும்போது, மூல அலையில் இருந்த நுண்ணிய நடுக்கமும் கூடவே வளர்கிறது. கணக்கிட்டால் 54 டெசிபெல். மூலத்திலேயே நடுக்கம் குறைவாக இருந்தாலன்றிப் பிறகு எதைக் கொண்டும் அதைத் துடைக்க முடியாது. இந்திய நேரத்தை ஸீஸியம் கடிகாரங்களைக் கொண்டு காத்துவரும் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம் டில்லியிலேயே இருப்பது, தலைநகரத்துப் பொறியியலாளருக்கு வாய்த்த ஓர் அனுகூலம்.

மிக்ஸரிலிருந்து வெளிவரும் அலையின் சக்தி ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு. 36,000 கிலோமீட்டர் கடக்க அது போதாது. நூற்றுக்கணக்கான வாட்டோ, சில கிலோவாட்டோ ஆகும்வரை பெருக்கியாக வேண்டும். பெரிய நிலையங்களில் நெடுங்காலம் இவ்வேலையைச் செய்தவை க்ளைஸ்ட்ரான் என்னும் வெற்றிடக் குழாயும், நகரும் அலைக் குழாயுமாகும். க்ளைஸ்ட்ரான் நல்ல சக்தி தரும். ஆயினும் சில பத்து மெகாஹெர்ட்ஸ் அகலத்தையே ஏற்கும். நகரும் அலைக் குழாய் 500 மெகாஹெர்ட்ஸ் வட்டாரம் முழுவதையும் ஏற்கும்.

பெருக்கி நல்லது கெட்டது அறியாது. உயர்த்தியிலிருந்து வந்தது வேண்டிய அலையா, கசிவா என்று பாராமல் இரண்டையும் சமமாகப் பெருக்கிவிடும். வேண்டாத அலை, வேண்டியதைவிடப் பத்து லட்சம் மடங்கு சிறியதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோவாட் வெளியீட்டில் அது ஒரு மில்லிவாட். மில்லிவாட்தானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. 6 ஜிகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் ஆன்டெனா தன் குவிப்பினால் சுமார் இரண்டு லட்சம் மடங்கு பயன் தருவதால், செயற்கைக் கோளின் திசையில் அது 200 வாட்டுக்கு ஒப்பாகிவிடும்.

வேறொரு தொல்லை, பெருக்கியே மிக்ஸராக மாறிவிடுவது. ஒரே குழாயின் வழியே 6,000, 6,010 ஆகிய இரு அலைகளை முழுச் சக்தியில் செலுத்தினால், குழாய் தன் வரம்பை நெருங்கி வளைந்துகொடுக்கும். உடனே 5,990-லும் 6,020-லும் எவரும் அழைக்காத இரு அலைகள் தோன்றும். அவ்விடங்களில் வேறொருவர் பேசிக்கொண்டிருக்கக் கூடும். ஆகவே பல அலைகளைச் சுமக்கும் குழாயை, அதன் முழு ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்களவிலேயே இயக்குவது வழக்கம். விலை கொடுத்து வாங்கிய சக்தியில் பெரும் பகுதியை உபயோகிக்காமல் விடுவது புதிதாகச் சேரும் ஊழியருக்கு வீண் செலவாகத் தோன்றும். குமிழைச் சற்றே திருப்பி "இன்னும் கொஞ்சம்" பெறும் ஆசையும் எழும். அதனால் தன் படம் சிறிதளவு தெளிவடையலாம். அயலார் இணைப்போ அறுந்துபோகும், காரணத்தை அவர் கண்டுபிடிக்கவும் வெகு நேரமாகும். இந்த ஆபத்தைக் கருதியே, புதிய நிலையம் எதுவும் முதன்முதலாக அலையை ஏற்றும்போது, செய்தி ஏதுமற்ற வெற்றலையைக் குறைந்த சக்தியில் அனுப்பி, அதிர்வெண்ணும் முனைவாக்கமும் சரியென்று கண்காணிப்பு நிலையம் சொன்ன பிறகே சக்தியை உயர்த்துவது விதியாயிற்று. முக்கியமான நிலையங்களில் உயர்த்தியும் பெருக்கியும் இரட்டையாகவே வைக்கப்படுகின்றன. ஒன்று ஓய்ந்தால் மற்றது தானாகவே பொறுப்பேற்கும்.

'ஸைட்' முடிந்து ஏ.டி.எஸ்.-6 திரும்பிச் சென்ற பின், அத்தகைய வசதி நிரந்தரமாகக் கிடைப்பதற்கு இந்தியா ஏழாண்டுகள் காத்திருந்தது. இடையே 1977 முதல் 1979 வரை ஸிம்போனி என்னும் ஐரோப்பியச் செயற்கைக் கோளைக் கொண்டும், 1981 ஜூன் 19 அன்று ஏவப்பட்ட ஆப்பிள் செயற்கைக் கோளைக் கொண்டும், 6 ஜிகாஹெர்ட்ஸில் ஏற்றி 4 ஜிகாஹெர்ட்ஸில் இறக்கும் பழக்கம் கைவந்தது. 1982 ஏப்ரலில் ஏவப்பட்ட இன்ஸாட்-1ஏ அதே ஆண்டு செப்டம்பரில் செயலற்றுப் போயிற்று. 1983 ஆகஸ்டு 30 அன்று புறப்பட்ட இன்ஸாட்-1பி நிலைத்தது. அதன் வாயிலாக 1984 ஆகஸ்டு 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் 'தேசிய வகுப்பறை' ஒளிபரப்பாகத் தொடங்கியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் டில்லி மைதான் கடியிலுள்ள தன் வளாகத்தில் கல்வி ஒளிபரப்புக்கு வழிவகுத்தது. ஞான தர்ஷன் அலைவரிசை 2000 ஜனவரி 26 அன்று தொடங்கப்பெற்றது. கல்விக்கென்றே அமைந்த எடுஸாட் 2004 செப்டம்பர் 20 அன்று விண்ணேறியது.

எடுஸாட் காலத்தில் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வந்த சிறு நிலையங்களில், அதிர்வெண் உயர்த்தியும் பெருக்கியும் ஒரே உலோகப் பெட்டிக்குள் அடங்கி, ஆன்டெனாவின் கரத்திலேயே ஏறிவிட்டன. களப் பணியாளர் இதை 'பக்' என்று சுருக்கமாகக் குறிப்பிடுவர். கட்டிடத்தினுள்ளிருந்து 950 முதல் 1,450 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலை ஒரு கேபிளின் வழியே மேலே செல்கிறது; 13,050 மெகாஹெர்ட்ஸ் துணை அலையுடன் கலந்து 14,000 முதல் 14,500 ஆகிறது. மின்சாரமும் 10 மெகாஹெர்ட்ஸ் ஆதார அலையும் அதே கேபிளில்தான் செல்கின்றன. ஒரு கம்பிக்கு மூன்று சுமை. இணைப்பியில் மழை நீர் இறங்கிவிட்டால், மின்சாரம் ஒழுங்காகப் போனாலும் ஆதார அலை நலிந்துபோகலாம். அப்பொழுது, பிசகான அதிர்வெண்ணில் அலையை விடுவதைக் காட்டிலும் மௌனமே மேல் என்று பெட்டி தன்னை அடக்கிக்கொள்ளுமாறு செய்யப்பட்டிருக்கிறது. விளக்கு எரிகிறது, சூடும் இருக்கிறது, அலை மட்டும் இல்லை என்றால், பெட்டியைக் கழற்றுவதற்கு முன் கேபிளின் இரு முனைகளையும் திறந்து பார்ப்பது நன்று. பரிசோதனை செய்யும்போது ஆன்டெனாவின் ஊட்டுமுனைக்கு எதிரே எவரும் நிற்கலாகாது. அந்த அலை கண்ணுக்குப் புலப்படாது, எனினும் உடலைச் சுடும்.

மிக்ஸரின் தத்துவத்தை மாணவருக்கு நேரில் காட்ட விரும்பும் ஆசிரியருக்குத் தரை நிலையம் வேண்டியதில்லை. முள்ளைத் திருப்பி இயக்கும் பழைய வகை மத்திய அலை ரேடியோப் பெட்டிகள் இரண்டு போதும். அவற்றுள்ளும் ஒரு மிக்ஸர் இருக்கிறது. கேட்க விரும்பும் நிலையத்தைவிட ஏறத்தாழ 455 கிலோஹெர்ட்ஸ் உயரத்தில் அதன் துணை அலை ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது பெட்டியை 1,055 கிலோஹெர்ட்ஸ் அருகில், நிலையம் எதுவும் இல்லாத இரைச்சலில் வைத்து, முதற்பெட்டியை அதை ஒட்டி வைத்து 600-ஐச் சுற்றி மெல்லத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். முதற்பெட்டியின் துணை அலை கசிந்து இரண்டாவது பெட்டிக்குள் புகுந்த இடம் அதுவே. நிலையம் ஒன்று மெலிதாகக் கேட்கும் இடத்தில் இதையே செய்தால் சீழ்க்கை ஒலி எழும். முள்ளைத் திருப்பத் திருப்ப அதன் சுருதி இறங்கி, மறைந்து, மீண்டும் ஏறும்.